நாகசாகியில் ரூம் போட்ட கதை

ஒவ்வொரு குடும்பத்திலும் "ரூம் விஷயத்த என்கிட்ட விட்டுடுங்க" என்று சொல்லும் ஆள் ஒருவன் இருப்பான். அவனிடம் விடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான் என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. (அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.) அந்தப் பழக்கம் பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஏற்காடு, மைசூர், வேளாங்கண்ணி, எங்கே போவதென்றாலும் அப்போதெல்லாம் ரூம் என் பொறுப்பு. இணையத்தில் போட்டோக்களைப் பெரிதாக்கி, பாத்ரூம் டைல்ஸின் இடுக்கில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பதை வைத்து மார்க் போடுவேன். "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்ன இவ்ளோ நேரம் பாக்கல" என்பாள் என் மனைவி ரீட்டா.

இந்த லட்சணத்தில்தான் நாகசாகி வந்தது.

என் மாமியார் ஓய்வுபெற்ற நர்ஸ். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டையே தன் குரலால் நடத்தியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் ஜப்பானைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நாகசாகி என்ற துறைமுக ஊரில் கிறிஸ்தவர்கள், மதத்துக்குத் தடை இருந்த காலத்தில், தலைமுறை தலைமுறையாக ஒளிந்து ஒளிந்தே ஜெபம் பண்ணினார்களாம். கடைசியில் அங்கே ஒரு கோயில் கட்டியபோது ஊர்ப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்து, "மாதா சுரூபம் எங்கே?" என்று கேட்டாளாம். அத்தை அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இத்தன வருஷம் கழிச்சு வந்து, வேற எதையும் கேக்கல பாரு. மாதா எங்கன்னு கேட்டா. அந்தக் கோயில நான் பாக்கணும்."

அத்தை தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கூடிப் பேசி, எப்படியாவது கூட்டிப்போய்விடுவது என்று முடிவாயிற்று. ரீட்டாவின் அக்கா ஸ்டெல்லாவுக்கு விமானம் என்றாலே வயிற்றைக் கலக்கும். அதனால் தன் பங்குக்குப் புருஷனை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் புருஷன், அதாவது என் சகலை பெஞ்சமின், ஆனேக்கல்லில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். கை வைத்த காரியம் எதுவும் கெடாத மனிதர். அவர் வாங்கிய நிலம் விலை ஏறும். அவர் வைத்த தென்னை காய்க்கும். அப்படிப்பட்ட ஒருவர் சகலையாக வாய்த்தால் வாழ்க்கை எவ்வளவு கஷ்டம் என்பது சகலை உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

பயணத்தைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் கூடினோம். சகலை டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"ஸ்டேஷனுக்கு எதிர்லயே ஒரு ஹோட்டல் இருக்குது. எறங்குனா ரூமு. லிஃப்ட் இருக்குது. டிராம் வாசல்லயே நிக்கும். அத்தைக்கு முட்டி வலி வேற. சும்னே எதுக்கு ரிஸ்க்கு?"

மிக நியாயமான யோசனை. அதை அவர் சொன்னதுதான் அதிலிருந்த ஒரே குறை.

"ஸ்டேஷன் பக்கத்துல தங்கறதுக்கு எதுக்கு சகலை ஜப்பான் வரைக்கும் போவணும்? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே ஒரு லாட்ஜ் எடுத்துடலாமே" என்றேன். ரீட்டா சிரித்துவிட்டாள். அந்த ஒரு சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியாமல் போனது.

பிறகு ஒரு வாரம் நான் நாகசாகியிலேயே குடியிருந்தேன், போனுக்குள். ஸ்டேஷன் ஹோட்டலைத் தள்ளினேன். சீனக் கடைத்தெரு பக்கம் ஒரு சின்ன விடுதி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரிந்ததால் அதையும் தள்ளினேன். அப்புறம்தான் அந்த வீடு கண்ணில் பட்டது. மலைச்சரிவில் ஒரு பழைய மர வீடு. பெரிய ஜன்னல். ஜன்னல் முழுக்கத் துறைமுகம். கப்பல்கள், பாலம், அக்கரையில் மலை. வரைபடத்தில் பார்த்தால் ஸ்டேஷனிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். வரைபடம் தட்டையானது, ஊர் தட்டையானது இல்லை என்பது நான்காம் வகுப்புப் பாடம். அன்றைக்கு நான் லீவு போலிருக்கிறது.

அங்கே தங்கிய ஒருவர் ஜப்பானிய மொழியில் கருத்து எழுதியிருந்தார். போனை விட்டு மொழிபெயர்த்தேன். "கால்கள் அழுதன. கண்கள் சிரித்தன." அடடா, என்ன ரசனையான மக்கள் என்று உருகிப்போனேன். வீட்டுக்காரர் அனுப்பிய செய்தியையும் அதே போன்தான் தமிழாக்கியது: "தயவுசெய்து மேலிருந்து வாருங்கள். கீழிருந்து வந்தால் மிகவும் வருத்தம்."

துறைமுக ஊர் அல்லவா? மேலிருந்து என்றால் விமானம், கீழிருந்து என்றால் கப்பல். கப்பலில் வருகிற விருந்தாளிகள் ஏதாவது ரகளை செய்திருப்பார்கள் என்று நானே ஊகித்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள். நிச்சயமாக மேலிருந்துதான் வருகிறோம்" என்று பதில் போட்டேன். "நிம்மதி" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. எனக்கும் நிம்மதி. ஜன்னல் போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். சகலை ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். அந்த விரலை அன்று இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் நாகசாகி ஸ்டேஷனில் போய் இறங்கினோம். நான், ரீட்டா, அத்தை, சகலை, பெட்டிகள். என் பெட்டியில் குக்கர், பொன்னி அரிசி, புளியோதரைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். (ஜப்பானில் அரிசி கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பிய குடும்பம் இது.) வேன் மாதிரி ஒரு டாக்ஸி கிடைத்தது. டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். போனில் வீட்டைக் காட்டினேன். அவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லி, கையால் மலையைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டு, மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

மெஜஸ்டிக் ஆட்டோக்காரர்களிடம் பாடம் படித்தவன் நான். சுற்றிப் போகிறேன் என்பவனை நம்புவேனா?

"நோ நோ! நோ ரவுண்டு. ஸ்ட்ரெயிட்!" என்று கையைக் கத்தி மாதிரி நீட்டிக் காட்டினேன்.

அவர் மறுபடியும் வளையம் போட்டார். நான் மறுபடியும் கத்தியை நீட்டினேன். "பாத்தீங்களா சகலை, எந்த ஊரா இருந்தாலும் நம்மகிட்டதான் வேலைய காட்டுவானுங்க" என்றேன். டிரைவர் பெருமூச்சு விட்டு, நான் சொன்ன வழியிலேயே நேராகப் போய், சீக்கிரமே ஓரிடத்தில் நிறுத்தினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். துக்க வீட்டில் குனிவதுபோல் அத்தைக்கு முன் ஒரு தடவை குனிந்தார். போய்விட்டார்.

எங்கள் முன்னால் படிக்கட்டு இருந்தது.

படிக்கட்டு என்றால் நீங்கள் நினைப்பது இல்லை. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள், நடுவில் ஓராள் அகலத்துக்குக் கருங்கல் படிகள், கழுத்து வலிக்கும் வரை மேலே போய், ஒரு திருப்பத்தில் மறைந்தன. அதற்கு அப்புறம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பிற்பாடு அந்தத் திருப்பத்தைத் தாண்டியபோதுதான், இதுவரை வந்தது முன்னுரை என்று தெரிந்தது.

"இதுல எங்க இருக்குது வீடு?" என்றாள் ரீட்டா.

போனைப் பார்த்தேன். நாங்கள் வீட்டு வாசலிலேயே நிற்பதாகப் புள்ளி காட்டியது. வரைபடத்துக்கு உயரம் தெரியாது. "இதோ, வந்துடுச்சு" என்றேன். அன்று நான் அதைப் பலமுறை சொன்னேன்.

அத்தை கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். முதல் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கி, தவக்காலத்தில் சிலுவைப் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நின்று ஜெபிக்கும் குரலில் அறிவித்தார்:

"சிலுவைப் பாதை. முதலாம் ஸ்தலம். எனக்குத் தீர்ப்பிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பிட்டவன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏறினோம். பெட்டிக்குச் சக்கரம் கண்டுபிடித்தவன் நாகசாகி பக்கம் வந்ததில்லை. சகலை தன் பெட்டியை ஒரு தோளிலும் அத்தையின் பெட்டியை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு, சிமெண்ட் மூட்டை பழகிய நடையில் போய்க்கொண்டிருந்தார். அத்தை அவர் முதுகைத் தடவி, "பாவம், சிலுவ சுமக்க சீமோன் வந்துட்டான்" என்றார். எனக்கு என்ன பாத்திரம் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. (காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சிலுவைப் பாதையில் ஸ்தலம் கிடையாது.)

சகலைக்குப் பின்தங்கக் கூடாதென்று நானும் என் பெட்டியைத் தோளில் ஏற்றப் பார்த்தேன். அங்கேதான் வினை. பெட்டி என் தோளை ஒரு வினாடி யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்தது. தடால். அப்புறம் தடால், தடால், தடால் என்று, நாங்கள் வியர்வை சிந்தி ஏறிய படிகளிலெல்லாம் அது துள்ளித் துள்ளி இறங்கிப்போனது. சுவர்மேல் படுத்திருந்த ஒரு பூனை எழுந்து ஓடியது. பாதி வழியில் பெட்டி வாய் பிளந்தது. குக்கர் மட்டும் தனியாக வெளியே குதித்து, கோயில் மணிபோல் அடித்துக்கொண்டே போய், ஒரு வீட்டுக் கதவில் மோதி நின்றது.

கதவு திறந்தது. வயதான ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார். குனிந்து அதற்கு வணக்கம் சொன்னார். (ரீட்டா இன்றுவரை மறுக்கிறாள். நான் பார்த்தேன்.) பிறகுதான் மேலே நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

அத்தை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது, கை முட்டியைப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து, ஒரு ஜன்னலுக்காக இந்த அம்மாவைப் படுக்கையில் போட்டுவிட்டேனோ?

அந்த ஜப்பானிய அம்மா உள்ளே போய், ஈரத் துண்டுகளை ஒரு தட்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். மூச்சே வாங்கவில்லை. ஒரு துண்டை விரித்து அத்தையின் முகத்தில் மெல்ல ஒற்றினார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டே, "ஆறாம் ஸ்தலம். வெரோணிக்கா மொகத்த தொடைக்குறா" என்றார்.

இந்த முறை ரீட்டா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சகலையும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவரின் பார்வை அத்தையின் கையில் போய் நின்றது. "ரொசாரியோ?" என்றார். அத்தை ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா தன் மார்பைத் தொட்டு ஏதோ சொன்னார். கழுத்தில் போட்டிருந்த சின்னப் பதக்கத்தை வெளியே எடுத்தார். மாதா.

இரண்டு பேருக்கும் அதன் பிறகு எங்கள் நினைப்பே இல்லை. ஒருவர் தமிழிலும் மற்றவர் ஜப்பானிய மொழியிலும் படியில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே இருந்தார்கள். இடையிடையே "மரியா" மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் நான் கீழே இறங்கி, அரிசி நீங்கலாக மற்றதையெல்லாம் பொறுக்கினேன். பொன்னி அரிசி நாகசாகிப் புறாக்களுக்குப் போயிற்று.

மிச்சப் படிகளை எப்படி ஏறினோம் என்று சொல்ல மாட்டேன். வீடு வந்தது. ஜன்னலைத் திறந்தேன். போட்டோவில் பார்த்ததைவிட அழகு. நீலத் துறைமுகம், அதில் வெள்ளைக் கப்பல், அக்கரை மலையில் வெயில். "பாருங்க அத்தை!" என்றேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கும் மாப்பிள்ள. நீங்க பாருங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே, "ஒண்ணு சொல்லிட்றேன். ஏறிட்டேன். எறங்க மாட்டேன். ஊருக்குக் கெளம்புற அன்னிக்கு எறங்குவேன், அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. அவர் பார்க்க வந்த கோயில் அக்கரைச் சரிவில். காலைப் பூசைக்குப் போவதற்குத்தான் இந்தப் பயணமே. ரீட்டா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சகலை ஸ்டேஷன் ஹோட்டலுக்குப் போன் போட்டார். விடுமுறைக் கூட்டம், ரூம் இல்லை. "போகட்டும் விடுங்க சகலை, ஸ்வல்பா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று என் தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலையில் முதல் ஆளாக எழுந்து வெளியே வந்தேன். யாரிடமாவது நாற்காலி கட்டித் தூக்கும் ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்கும் அளவுக்கு மனம் தயாராக இருந்தது. கீழே இறங்கத் தெம்பில்லாமல் நின்றபோது, வீட்டுக்குப் பின்னால், சற்று மேலே, பீப் பீப் என்று ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டது. வண்டியா? இந்த உயரத்திலா? வீட்டைச் சுற்றிப் போனேன். சில படிகள். அதன் முடிவில் தார்ச்சாலை.

நல்ல அகலமான சாலை. குப்பை லாரி. குளிர்பான இயந்திரம். ஓரமாக, நேற்றையதுபோல் வேன் மாதிரி ஒரு டாக்ஸி.

"மேலிருந்து வாருங்கள்."

அந்த வளையம் போட்ட வெள்ளைக் கையுறையும் நினைவுக்கு வந்தது. சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்பை லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மனிதன் செய்வதைச் செய்தேன். மறைத்தேன். கம்பீரமாக வீட்டுக்குள் நுழைந்து, "அத்தை, கெளம்புங்க. ராத்திரி பூரா யோசிச்சு, உங்களுக்காக ஸ்பெஷலா மேலயே டாக்ஸி வரவெச்சிருக்கேன். ஒரு படி எறங்க வேணாம்" என்றேன்.

அத்தை எழுந்து உட்கார்ந்தார். "நெசமாவா மாப்பிள்ள?" அந்தக் கண்ணில் தெரிந்த மரியாதை கல்யாணத்தன்றுகூட எனக்குக் கிடைக்காதது. ரீட்டா மறுபடி பேச ஆரம்பித்தாள். சகலைகூட, "பரவால்லயே" என்றார்.

டாக்ஸி அருகே போனபோது, நேற்றைய ஜப்பானிய அம்மா தொப்பியும் கைப்பையுமாக நின்றிருந்தார். அவரும் அதே பூசைக்குத்தான். அத்தை அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. அந்த அம்மாவுக்கு எதையோ கேட்க வேண்டும்போல் இருந்தது. சகலை உற்சாகமாகத் தன் போனை நீட்டி, மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டார். அந்த அம்மா போனுக்குள் பணிவாகப் பேசினார். போன் ஒரு கணம் யோசித்துவிட்டு, ரேடியோ செய்தி வாசிப்பவர் குரலில், வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"நேற்று நீங்கள் ஏன் படிகளில் ஏறினீர்கள்? சாலை எப்போதும் இங்கே உள்ளது. எல்லோரும் மேலிருந்து வருவார்கள். உங்கள் நாட்டு வேண்டுதல் என்று நினைத்தேன். எனவே தடுக்கவில்லை. மன்னிக்கவும்."

நான் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தை மிக உன்னிப்பாகக் கவனித்தேன். என் பின்கழுத்தில் மூன்று ஜோடிக் கண்கள் இருந்தன.

முதலில் சகலை குலுங்கினார். அப்புறம் ரீட்டா. கடைசியில் அத்தை. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, அந்த அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மூச்சு திரும்பியதும் போனை வாங்கி, அதற்குள் சத்தமாகச் சொன்னார்:

"வேண்டுதல்தாம்மா. எனக்கு நல்ல மருமகன் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இன்னும் கெடைக்கல."

போன் அதையும் உண்மையாக மொழிபெயர்த்தது. டிரைவர் உட்பட ஜப்பானும் சிரித்தது.

கோயில் வாசலிலும் படிகள் இருந்தன. நான் பயந்துகொண்டே அத்தையைப் பார்த்தேன். அந்த ஜப்பானிய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தலமும் அறிவிக்காமல், எங்கேயும் நிற்காமல் ஏறினார். உள்ளே மாதா சுரூபத்துக்கு முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்தார், முட்டி வலியோடு. நானும் பின்னால் முழங்காலிட்டேன். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. மன்னிப்பு மட்டும்தான் இருந்தது. வெளியே வந்ததும் அத்தை என் கன்னத்தைத் தட்டி, "வந்து சேர்ந்துட்டோம்ல, விடுங்க" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிகிறது? இப்போது குடும்பத்தில் ரூம் போடுவது சகலை. எனக்குப் போட்டோவைக் காட்டுவதுகூட இல்லை. யாருக்காவது எந்தக் காரியமாவது சுற்றி வளைத்துச் சிக்கலானால், "யார் புக் பண்ணது?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் நின்றுவிட்டது. காய்கறிப் பையோடு நானும் ரீட்டாவும் மாடி ஏறிக்கொண்டிருந்தோம். புதிதாகக் குடிவந்த கன்னடக்காரர் ஒருவர் பின்னால் மூச்சிரைக்க வந்து, "யாரும்மா இதுக்கெல்லாம் ரெஸ்பான்சிபிள்?" என்றார். ரீட்டா திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க வூட்டுக்காரர்தான் சார்" என்றாள்.

அவர் அதை நம்பிவிட்டார். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் எனக்குத்தான் போன் வருகிறது. நானும் மறுத்துப் பார்த்துவிட்டு, இப்போது மெக்கானிக் நம்பரைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.